அறுக்காத கயிறு

மகன் பிறந்தபோது கருத்தடைக்காகக் கருப்பையில் வைத்த காப்பர்-டியை எடுத்துவிட்டு இன்னொரு பிள்ளை பெற நினைத்தாள் பேச்சியம்மாள். அவன் இரண்டு வயதில் காய்ச்சலில் போய் மூன்று வருடமாகிறது. புதைக்கும்போது இடுப்பிலுள்ள கறுப்பு அரைஞாண் கயிற்றை அறுப்பது வழக்கம். அவள் அறுக்க விடவில்லை; கயிறோடேயே புதைத்தார்கள். பிறந்தநாளுக்கு ஒன்றாக அதில் இரண்டு முடிச்சு போட்டிருந்தாள்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் எவ்வளவு இழுத்தும் காப்பர்-டி வரவில்லை.

“உள்ள எதுலயோ மாட்டியிருக்கும்மா. மயக்கம் குடுத்துருவோமா?” என்றார் டாக்டர்.

“மரத்துப்போற ஊசி போதும்மா. நான் முழிச்சிருக்கணும்.”

ஊசி போட்டுப் பைய இழுத்தார். காப்பர்-டியைச் சுற்றிக்கொண்டு கறுப்புக் கயிறும் வந்தது. நர்ஸ் கத்தரிக்கோலை எடுத்தாள்.

“அறுத்துராதிய!”

பேச்சியம்மாள் கயிற்றை வாங்கி விரலால் தடவினாள். ஐந்து முடிச்சுகள் இருந்தன. பிந்திய மூன்றும், பழகாத சின்னக் கை போட்டதுபோல் தளர்ந்திருந்தன.