சோலைமுத்துவின் ஸ்மாஷ்

'ஆட்டத்துல எவன் பொய் சொன்னாலும் ஸ்கோர் பொய் சொல்லக் கூடாது' என்பார் சீதாராமனின் பெரியப்பா. அதற்கு மேலும் ஏதோ சொல்வார். அது மறந்துவிட்டது.

துபாய், 1977. தொழிலாளர் கேம்ப்களுக்கு இடையே வாலிபால் டோர்னமெண்ட். செயலாளர் சீதாராமன்; அவருக்கு வேலை நகரத்தில் ஒரு டிராயிங் ஆபீஸில்.

புது ஸ்டேடியத்துக்கு கேலரி எழும்பிக்கொண்டிருந்தது. அதைக் கட்டுகிறவர்கள் வெள்ளிக்கிழமைகளில் பக்கத்து மணலில் ஆடினார்கள். பழைய எஞ்சின் ஆயில் ஊற்றிக் கோடு போட்ட கோர்ட். சுற்றிலும் நானூறு ஆண்கள். ஒரு பெண் குரல் கிடையாது.

"அடித்தார் சோலைமுத்து! பாயிண்ட்!" மைக்கில் அலறினார் கோபாலசாமி.

எதிர் அணி மேனேஜர் ஈசா ஓடிவந்தார்.

"சார், அடிச்சது தியாகு! சோலைமுத்துன்னு கோர்ட்டுல ஆளே இல்ல. எல்லா பாயிண்டும் அந்தப் பேருக்கே போவுது. மைக்குக்காரரை மாத்துங்க. இல்லன்னா ஆட்டம் கலாஸ்!"

சீதாராமன் ஆட்டக்காரர் பட்டியலைப் பார்த்தார். அப்படி ஒரு பெயரே இல்லை.

"யாருய்யா அந்த சோலைமுத்து?"

கோபாலசாமி மைக்கைப் பொத்திக்கொண்டு கீழே கண்ணைக் காட்டினார். ஆம்ப்ளிஃபயர் பெட்டியை ஒட்டி ஒருவன் உட்கார்ந்திருந்தான். மடியில் டேப் ரிக்கார்டர். ஆட்டத்தைப் பார்க்கவில்லை, கேசட் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்க ஊர்க்காரனா?"

"ஆமா சார்."

"ஊர்ப் பாசத்துக்கு ஒரு அளவில்லையா? அடிக்கிறது ஒருத்தன், பேர் வாங்கறது ஒருத்தனா?"

செட் முடிந்ததும் தியாகுவைத் தனியே அழைத்தார்.

"உன் பேரையே அழிக்கறான். ஒரு புகார் எழுதிக் கொடுப்பா, மைக்கைப் பிடுங்கிடறேன்."

தியாகு சட்டையால் முகத்தைத் துடைத்தான்.

"நான்தான் சார் அப்படிச் சொல்லச் சொன்னேன்."

"என்னது?"

"போன வருஷம் எங்க ஸ்மாஷர் அவன்தான். எழுதப் படிக்க வராது. மாட்சை டேப் பண்ணித்தான் ஊருக்கு அனுப்புவான். அவன் சம்சாரம் நாகவள்ளி அதையே போட்டுப் போட்டுக் கேக்குமாம்." ஸ்டேடியம் பக்கம் கையைக் காட்டினான். "ரெண்டு மாசம் முன்னால அந்தச் சாரத்துலேர்ந்து விழுந்துட்டான்."

அப்போதுதான் பெட்டிக்குப் பின்னால் நீட்டியிருந்த காலை சீதாராமன் பார்த்தார். தொடைவரை மாவுக்கட்டு.

"முழங்கால் இனிமே மடங்காதாம். வீட்டுல தெரியாது. லீவுல ஊருக்குப் போயிட்டு வந்தான்; அந்தப் பொண்ணுக்கு இது ஏழாம் மாசம், சார். இவன் பேரு இல்லாம ஒரு கேசட் போனா கண்டுபிடிச்சிடும். 'பிரசவம் ஆகட்டும், நானே சொல்லிக்கிறேன்'கிறான்."

"அதுக்காக உன் பேரை…"

"எனக்கு யாரு சார் கேசட் கேக்கப் போறா?"

விசில் ஒலித்தது. ஈசா இடுப்பில் கையை வைத்து நின்றார்.

"மைக்குக்காரரை மாத்தியாச்சா சார்?"

"மாத்தியாச்சு."

கோபாலசாமியிடமிருந்து மைக்கை வாங்கினார் சீதாராமன். கீழே சோலைமுத்துவின் விரல் ஸ்டாப் பட்டனுக்குப் போனது.

"இரண்டாவது செட். முதல் சர்வீஸ், சோலைமுத்து" என்று ஆரம்பித்தார்.