நாலு கிலோ காற்று

“ஏலே, ஒன் மண்டையில என்னதாம்ல இருக்கு? நல்லா வேலை செஞ்சிட்டிருந்த ஆளை எதுக்குலே மேல இழுத்தே?”

எஞ்சினியர் ஜேசுதாசன் போட்ட சத்தத்தில் பார்ஜ் மிதவையில் இருந்த அத்தனை பேரும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

தூத்துக்குடியில் புதுத் துறைமுக வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயம். கடலடியில் கான்கிரீட் கல்லை உட்கார வைக்க வேண்டும். கிரேன் கல்லைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அதை நேர்பார்த்து இறக்க, அஞ்சு பாகம், அதாவது முப்பது அடி ஆழத்தில் முக்குளிப்பவன் ரோச். அவனுக்கு மூச்சுக்காற்று அனுப்புகிற மிஷினும், அதன் அழுத்த மீட்டரும், அவன் இடுப்புக் கயிறும் செல்லப்பாண்டியின் பொறுப்பு.

அந்தச் செல்லப்பாண்டிதான் திடீரென்று “ஐயோ, காத்து போச்சு!” என்று அலறி, ரோச்சைக் கயிற்றோடு இழுத்து மேலே போட்டுவிட்டான். இழுத்த வேகத்தில் ரோச்சின் முழங்கை ஏணியில் உரசி ரத்தம். காற்றோ, ஒரு குறையும் இல்லாமல் ஜோராகப் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது.

“ஊசி நாலுல நின்னுது சார். அம்பத்தஞ்சுக்குக் கீழ வந்தா ஆளைத் தூக்கிரணும்னு நீங்கதான சார் சொன்னீய?”

“அது பழைய மீட்டர்லடா! அங்குலத்துக்கு இத்தனை பவுண்டுன்னு கணக்கு. இது சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ. பழசு கண்ணாடி ஒடஞ்சிட்டுன்னு காலையில புதுசை மாட்டும்போதே படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லியா? இதுல ஒண்ணுன்னா அதுல பதினாலு. நாலு பதினாலு எவ்வளவு?”

“அம்பத்தாறு சார்.”

“தெரியுதுல்லா? பொறவு என்ன?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஐ.டி.ஐ. முடித்துவிட்டுப் புதிதாக வந்திருந்த எஸ்றாவுக்குச் சிரிப்பை அடக்கவே முடியவில்லை.

“நானா இருந்தா ஊசியைப் பாத்த மாத்திரத்துல அம்பத்தாறுன்னு சொல்லியிருப்பேன் சார்” என்றான்.

சொல்லக்கூடியவன்தான். கணக்கில் புலி.

செல்லப்பாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது.

“பெருக்கணும்னு எனக்கும் ஞாபகம் வந்துச்சு சார். ஆனா ஊசி நாலுல நிக்கதைப் பாத்ததும் கயித்துக்குத்தான் கை போச்சு. நான் பெருக்கிக்கிட்டு இருக்கையில ரோச்சண்ணன் அங்கன மூச்சுக்குத் தவிச்சார்னா? அதான் மொதல்ல இழுத்துட்டேன். பொறவுதான் பெருக்கினேன்.”

கேட்டவர்கள் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். பாவம், அவன் அதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

“சிரிக்காதீங்கடே! கிரேன் சும்மா நிக்கி. மேலிடத்துக்கு நான்லா பதில் சொல்லணும்?” ஜேசுதாசன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கெட்ட மனுஷர் இல்லை அவர். ஆனாலும் வேலை என்று ஒன்று இருக்கிறதே. “செல்லப்பாண்டி, இது ஒனக்குச் சரிப்பட்டு வராது. எஸ்றா இங்கன வரட்டும். நீ ஊருக்குப் போயி வேற சோலியைப் பாரு.”

“சார், வீட்டுல அவ நெறமாசம் சார். இதை விட்டா ஆத்தூர்ல எனக்கு என்ன சார் இருக்கு?”

“அடிபட்டது எனக்கா? ரோச்சுக்கு. அவனையே கேப்போம். என்ன ரோச்சு, சொல்லு.”

ரோச் அதுவரை பார்ஜ் விளிம்பில் உட்கார்ந்து, துணியால் முழங்கையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் கோபம் ஊரறிந்தது. வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் முதலில் வரும். கை நீட்டிவிடுவானோ என்று பயந்து செல்லப்பாண்டி ஓர் அடி பின்னால் நகர்ந்தான்.

“எஸ்றா கெட்டிக்காரப் பய சார்” என்றான் ரோச். “மீட்டரை அவனே பாக்கட்டும்.”

செல்லப்பாண்டியின் தலை தொங்கிவிட்டது. எஸ்றா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மிஷின் பக்கம் போனான்.

“ஆனா கயித்தை அவன் கையில குடுக்க மாட்டேன் சார்.”

“ஏன்?”

“எங்க அப்பா முத்துக் குளிச்சவரு. அவரு கயித்தை எங்க அம்மாகூடப் பொறந்த மாமா தவிர ஒருத்தர் தொட முடியாது. எம்புட்டுப் பெரிய கெட்டிக்காரன் வந்தாலும் சரி. அக்கா தாலில்லா சார்? மச்சினன் கணக்குப் பாத்துக்கிட்டு நிக்க மாட்டான். மொதல்ல இழுத்திருவான்.”

ரோச் எழுந்தான்.

“எனக்கு அந்தக் குடுப்பினை இல்ல. பொண்டாட்டிகூடப் பொறந்தது எல்லாம் பொட்டப்பிள்ளைய.”

ரத்தம் காயாத கையால் கயிற்றை எடுத்து, அழுதுகொண்டு நின்ற செல்லப்பாண்டியிடம் நீட்டினான்.

“புடிங்க மச்சான், நேரமாச்சு.”