மாடி அறையில் நுவார்

பெண் பார்க்கப் போகிற இடத்தில், கொலையும் துரோகமுமாய் ஓடுகிற அந்த நுவார் படங்களைப் பற்றி வாயைத் திறக்கவே கூடாது என்று அம்மா பாளையங்கோட்டை வரும் வழியெல்லாம் சொல்லித்தான் கூட்டி வந்திருக்கிறாள். குமரகுருபரனும் திறக்கவில்லை, திறந்தது வேணிதான். தனியாகப் பேசட்டும் என்று இருவரையும் அனுப்பிய மாடி அறையில், மேற்கு வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை அவன் வெள்ளைச் சட்டையில் வரிவரியாகப் போட்டிருக்கிறது. அதையே பார்த்துக்கொண்டிருந்த வேணி, "நுவார் படத்துல மாட்டிக்கிட்ட ஆள் மாதிரியே இருக்கிய," என்கிறாள். கறுப்பு வெள்ளையில் எதைப் பார்க்க வேண்டும், கலரில் எதை விடக்கூடாது என்று அவன் அடுக்க, கடைசியில் நாயகன் திருந்துகிற படமெல்லாம் சேர்த்தியில்லை என்று அவள் பாதியைத் தள்ளுகிறாள். மின்விசிறி கிறீச்சிடுகிறது. காப்பித் தட்டோடு அவள் அத்தை உள்ளே வருகிற நேரம் பார்த்து, "இன்சூரன்ஸ் பணத்துக்குப் புருசனக் கொல்லுதது லேசு. பொணத்த எங்கன போடுததுங்கதுலதான் எல்லாரும் மாட்டிக்கிடுதாங்க," என்கிறாள் வேணி. தம்ளர்கள் தட்டில் கிலுகிலுக்கின்றன. அத்தை தட்டை வைத்துவிட்டு இறங்கிப்போன கொஞ்ச நேரத்தில் கீழே கூடத்துப் பேச்சு அப்படியே நின்றுபோகிறது. "ஏலே குமரா, கிளம்புவோம். கீழ வா," என்று அம்மா குரல் கொடுக்கிறாள். "பைய வாரேம்மா," என்கிறான், எழுந்திருக்காமல். வேணி காப்பியை அவன் பக்கம் நகர்த்துகிறாள். "உங்க பேர்ல இன்சூரன்ஸ் இருக்குல்லா?" "இருக்கு. நாமினி அம்மாதான்," என்கிறவன், காது சிவக்க, "மாத்திரலாம்," என்கிறான்.