மரக்கடை முதலாளி கை தூக்கினார்

மரக்கடை முதலாளி கை தூக்கியதைப் பார்த்ததும் நூலகருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்தில் இருந்தவரிடம், "அவரேதானா?" என்று கேட்டார் அந்தம்மா. அவரேதான்.

நகரசபைக் கூடம் நிரம்பி வழிந்தது. விஷயம் இதுதான். ஆறு நாடுகள் சேர்ந்து ஒரு நூலக மன்றம் ஆரம்பித்திருந்தன. சம்பளமோ ஓய்வூதியமோ வாங்குகிற எல்லாரிடமும் அந்தந்த அரசாங்கம் ஒரு சின்ன வரி பிடித்து மன்றத்துக்கு அனுப்பும். ஊர் நூலகங்களை இனி மன்றம் நடத்தும். ஆறு நாட்டில் எங்கே இருக்கிற புத்தகத்தையும் எந்த ஊர்க்காரரும் கேட்டு வாங்கிப் படிக்கலாம்.

இதற்கு ஊர் ஊராகக் கருத்துக் கேட்டு வந்த அதிகாரிக்கு, இந்த ஊரில் வாய் திறக்கவே இடம் கிடைக்கவில்லை. ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் பிடித்த மைக்கை விடவில்லை.

"எங்கேயோ உட்கார்ந்திருக்கிற மன்றம் நம்ம பையில கை விடுறதா? நம்ம நூலகம் இருபது வருஷமா ஓசியிலதானே நடக்குது? மரக்கடை முதலாளி இருக்கிற வரைக்கும் நமக்கு என்னய்யா கவலை?"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. நூலகரும் தட்டினார். தட்டாமல் என்ன செய்வார்? அவர் சம்பளம், புத்தகம், அலமாரி, மின்விசிறி எல்லாமே முதலாளி உபயம். வாசலில் முதலாளியுடைய அப்பாவின் பேர் கொட்டை எழுத்தில் இருந்தது.

"சரி, வரி வேணுங்கிறவங்க கை தூக்குங்க" என்றார் அதிகாரி.

அப்போதுதான் முதலாளி கை தூக்கினார். தூக்கியதோடு நிற்காமல் எழுந்தும் நின்றார்.

"வரி வரட்டும். வந்ததும் நான் கொடுக்கிறதை நிறுத்திக்கிறேன். வாசல்ல இருக்கிற எங்கப்பா பேரையும் எடுத்துடுங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கூடம் கசமுசவென்று ஆனது.

"பார்த்தீங்களா, நைசா கழண்டுக்கிறார்!" என்றார் மருந்துக் கடைக்காரர்.

"தன் தலைச் சுமையை நம்ம தலையில இறக்கிட்டாருப்பா" என்றது பின்வரிசை.

மறுநாள் காலை நூலகர் முதலாளியின் மர மில்லுக்கே போய்விட்டார். ரம்பம் ஓடுகிற சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"ஐயா, நூலகத்துல ஏதாவது குறையா?"

"ஒரு குறையும் இல்லம்மா. கண்ணாடி மாதிரி வச்சிருக்கீங்க."

"பின்னே ஏன்? ஊர் என்ன பேசுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"என் காது நல்லாத்தான் கேக்குது."

"வியாபாரம் சரியில்லேன்னா சொல்லுங்க. நான் பாதிச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறேன்."

முதலாளி சிரித்தார். "வியாபாரம் சக்கைப்போடு போடுதும்மா. உங்க வேலைக்கும் பங்கம் வராது, அதை அந்த அதிகாரிகிட்ட எழுதி வாங்கிட்டேன்." பேச்சு முடிந்தது என்பதுபோல, வந்து நின்ற லாரியைப் பார்க்கப் போய்விட்டார்.

பணம் இருக்கிறது, கொடுக்கத்தான் மனசில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டு திரும்பினார் நூலகர்.

இந்த ஊர் வேண்டாம் என்றால் என்ன, மற்ற ஊர்களெல்லாம் வேண்டும் என்றன. வரி வந்தது. வாசலில் பொது நூலகம் என்று புதுப் பலகை ஏறியது. முதல் மாதம் வங்கி மேலாளர் வந்து, "எல்லாம் என் வரிப்பணம்!" என்று ஒரு மூச்சு திட்டிவிட்டு, நாலு புத்தகம் அள்ளிக்கொண்டு போனார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், மில்லில் ரம்பம் ஓட்டுகிறவர் உள்ளே வந்தார். குளித்துத் தலை வாரியிருந்தார், ஆனாலும் காதோரம் மரத்தூள். அவர் பின்னால் இன்னும் நாலு பேர்.

"அம்மா, ரம்பத்துக்குக் கூர் பிடிக்கிறதைப் பத்திப் படம் போட்ட புத்தகம் ஒண்ணு பக்கத்து நாட்டுல இருக்காமே. வரவழைச்சுக் கொடுங்க."

கொடுப்பீர்களா என்று கேட்கவில்லை. கொடுங்க என்றார். நூலகர் விவரத்தை எழுதிக்கொண்டே கேட்டார்:

"மில் கூப்பிடு தூரத்துல இருக்கு. இருபது வருஷமா உங்கள்ல ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கலையே? நாங்க காசா கேட்டோம்?"

"கேக்கலைம்மா. அதனாலதான் வரலை." ரம்பக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அது முதலாளி புத்தகம். பகல் பூரா அவர்கிட்ட கூலி வாங்கிட்டு, சாயங்காலம் அவர்கிட்டயே ஓசியும் வாங்கணுமா? ஒரு பக்கம் கிழிஞ்சாலும் அவர் மூஞ்சியில எப்படி முழிக்கிறது? போன வருஷம் ஆசையை அடக்க முடியாம, 'ஒரு புத்தகம் எடுத்துக்கட்டுங்களா முதலாளி'ன்னு அவர்கிட்டயே போய்க் கேட்டேன். மனுஷன் முகம் சுண்டிப் போச்சு. இப்போ அந்தக் கதையே இல்லை. நாங்களும் வரி கட்டுறோம். எங்க நூலகம்."

நூலகருக்கு அடக்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

"நல்லா இருக்குய்யா! கூலிக்காரங்க நீங்க வரி கட்டுறீங்க. உங்க முதலாளி சாமர்த்தியமாத் தப்பிச்சுக்கிட்டார்!"

ரம்பக்காரர் அவரை விநோதமாகப் பார்த்தார்.

"தப்பிச்சாரா? உங்களுக்குக் கொடுத்திட்டிருந்த பணத்தை ஒரு பைசா குறைக்காம அப்படியே எங்க சம்பளத்துல ஏத்திட்டாரும்மா. 'இனிமே நீங்க கட்டுங்கய்யா, யார்கிட்டயும் கேக்காம உள்ளே போங்க'ன்னு சொல்லிட்டார்!"