பத்து ஆம்பியர்

“பத்து ஆம்பியர் குடு, நதீம். பழசை மனசுல வெச்சுக்காதே,” என்றாள் லமீஸ். ஜெனரேட்டர் அறை வாசலில், டீசல் நாற்றத்துக்கு மூக்கைக்கூடப் பொத்தாமல் கைகட்டி நின்றாள்.

நிற்கட்டும் என்று நதீம் காபியை ஆற அமரக் குடித்தான். பெய்ரூட்டின் அந்தத் தெருவில் அரசாங்க மின்சாரம் வந்தால்தான் செய்தி. மற்றபடி இவன் ஜெனரேட்டரிலிருந்து ஆம்பியர் கணக்கில் விற்கும் மின்சாரம்தான்; விளக்கு எரிவதும் அணைவதும் இவன் கையில்.

பதினோரு வருஷத்துக்கு முன் ‘ஏழாம் மாடி’ இசைக்குழுவுக்கு இவன்தான் டிரம்மர். முதல் ஆல்பம் வெளிவர இருந்த வாரம் இவனைக் கழற்றிவிட்டு, அட்டையிலிருந்து பெயரையும் எடுத்தார்கள். நேரில்கூடச் சொல்லவில்லை, போனில் ஒரு வரி வந்தது. அனுப்பியவள் பாடகி லமீஸ். அப்புறம் குழுவும் கலைந்தது. இவன் காயம் மட்டும் ஆறவில்லை.

“எந்த மூஞ்சியோட வந்து கேக்கற?”

“வேற வழியில்ல, ஹபீபி. இத்தனை வருஷம் கழிச்சு மறுபடி சேர்ந்து ஒரே ஒரு பாட்டு போடறோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம், எங்க மொட்டைமாடியில, நேரலையா. இது ஊத்திக்கிச்சுன்னா அத்தோட நாங்க காலி.”

கடைசி வார்த்தை அவன் காதில் தேனாகப் பாய்ந்தது.

“எடுத்துக்கோ,” என்றான்.

அந்த வாரம் முழுக்க எதிர்க் கட்டிடத்திலிருந்து ஒத்திகை கேட்டது. பாட்டு நன்றாகவே இருந்தது, அதுதான் அவன் வயிற்றை எரித்தது. கிடாரும் டிரம்மும் ஏறி ஏறி, லமீஸின் குரல் உச்சிக்குப் போகும். அங்கே சட்டென்று நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். தாண்டத் துப்பில்லை என்று சிரித்துக்கொண்டான். எங்கே கை வைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை, இருட்டும் நேரம். மாடி கொள்ளாத கூட்டம். நதீம் மின்பெட்டி முன் நின்றான். தன் பெயரை அழித்தவர்களை ஊரே பார்க்க அழிக்கப் போகிறோம் என்ற ஆசையோடு விசையில் கை வைத்தான். குரல் உச்சியைத் தொட்டது. இழுத்துவிட்டான்.

எதிர்க் கட்டிடம் இருண்டது. கிடார் செத்தது, மைக் செத்தது. கூச்சலும் விசிலும் கிளம்பும் என்று காத்திருந்தான்.

கிளம்பவில்லை. இருட்டிலிருந்து லமீஸின் வெறுங்குரல் மெல்ல வந்தது: “போனா போகட்டும், நாங்க இருக்கோம்.” குழந்தைகூடப் பிடித்துக்கொள்ளும் வரி. அடுத்த முறை மாடியே பாடியது, அதற்கடுத்த முறை பால்கனிகளும் சேர்ந்துகொண்டன. செல்போன் வெளிச்சத்தில் தெருவே கைதட்டித் தாளம் போட்டது.

முகம் வெளிறி வாசலுக்கு வந்தவனின் தோளைத் தட்டினார் பழக்கடை அபூ தலால். “அந்த இடத்துல போய் வெளிச்சத்தை நிறுத்தினாங்க பாரு. நான் அழுதுட்டேன்யா.”

கூட்டம் கலைந்ததும் லமீஸ் இறங்கி வந்தாள். பாட்டு எங்கெங்கோ பரவிவிட்டது என்பது அவள் நடையிலேயே தெரிந்தது.

நதீம் பல்லைக் கடித்தான். “நான் அணைச்சும் தப்பிச்சுட்டீங்க. குருட்டு அதிர்ஷ்டம்.”

“அதிர்ஷ்டமா?” என்றாள் லமீஸ். “நீ அணைப்பேன்னு நம்பித்தானே பாட்டையே எழுதினோம்.”