மேலூர், கீழூர்

நகரசபை அறையில் நால்வர் இருந்தோம். ஜன்னலோரம் எழுதுவினைஞர் திருமதி லென்ஸ். அவருக்கு எதிரே அகதிகளாகப் புதிதாய் வந்த தவநேசனும் மனைவி சுகிர்தாவும். மொழிபெயர்க்க, நடுவில் நான். எங்கள் சின்ன ஜெர்மன் நகரத்தின் பகுதிகளில் இரண்டுக்கு மேலூர், கீழூர் என்று பொருள்படும் பெயர்கள். மேடு, பள்ளம் என்பதைத் தவிர அதில் வேறொன்றுமில்லை. மேலூரில் என் பக்கத்து வீடு காலி. கீழூரில் ஆற்றோரம் ஒன்று. அங்கே பஸ் போகாது.

"எது வேண்டுமென்று கேளுங்கள்" என்றார் லென்ஸ்.

நான் கேட்டது வேறு. "தம்பி, ஊரில எந்தப் பக்கம்?"

"இங்கயும் அதுதானோ அண்ணை?" என்று சிரித்துவிட்டு, தவநேசன் ஊரில் தாங்கள் இருந்த குறிச்சியின் பெயரைச் சொன்னார். சாதி தெரிந்துவிட்டது.

"கீழூர் போதுமாம்" என்றேன், ஜெர்மனில்.

"என்னவாம்?" என்று சுகிர்தா கேட்டாள்.

"கீழூர்தான் இருக்காம், தங்கச்சி."

"நீங்கள் கதைச்சபடியால் அதாவது கிடைச்சுது."

வெள்ளிக்கிழமை சாவி கொடுக்கிறார்கள். இன்று செவ்வாய். லென்ஸுக்கு எழுதினேன்: கீழூரைக் கேட்டது அவர்கள் அல்ல, நான். காரணம்: மேலூரில் பக்கத்து வீட்டுக்காரன் நான்.

உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டி, தபாற்பெட்டியில் போட்டேன்.