லாரியில என்ன கூலன்ட்?

“இனிமே அந்த க்ளைவை என் பண்ணைப் பக்கம் அனுப்பாதே, நெவில். அனுப்பினேன்னா, ஆடு ஏத்த நான் வேற கம்பெனி பார்த்துக்குவேன்.”

போனில் மார்லீன் போட்ட சத்தத்தில், வாசலில் படுத்திருந்த பெப்பர் காதைத் தூக்கிப் பார்த்தது.

“அவனா? அவன் வாயே திறக்க மாட்டானே!” என்றார் லாரி கம்பெனி முதலாளி நெவில்.

“வாய் எதுக்கு? கையிலதான் மண்வெட்டி வச்சிருக்கானே. பெப்பர் லாரிக்கிட்ட போனாலே போதும், ஓங்கிக்கிட்டு வர்றான். இன்னிக்கு லாரிக்கு அடியில மண்ணை வாரி வீசினதுல அது மூஞ்சியெல்லாம் மண்ணு.”

“நல்ல டிரைவர், மார்லீன்…”

“நல்லவனா இருந்துட்டுப் போகட்டும். என் நாயை விரட்டுறவன் எனக்கு வேண்டாம்.”

பெப்பர் கெல்பி வகை. ஆடு மேய்க்கும் நாய். ஆஸ்திரேலியாவில், பால்ரனால்டு என்ற ஊருக்கு வடக்கே, கண்ணுக்கெட்டின வரைக்கும் வேறு வீடே இல்லாத அந்தப் பண்ணையில் மார்லீனுக்கு வேலையாள், காவல்காரன், பேச்சுத்துணை எல்லாம் அதுதான்.

க்ளைவோ, வருவான், ஆடுகளை ஏற்றுவான். டீ குடிக்கக் கூப்பிட்டால் தலையை ஆட்டி மறுத்துவிடுவான். “நாயைக் கட்டிப் போடுங்க” என்று மட்டும் ஒவ்வொரு தடவையும் உறுமுவான்.

“என் பண்ணை, என் நாய். நான் எதுக்குக் கட்டணும்?” என்று மார்லீனும் ஒவ்வொரு தடவையும் திருப்பிக் கேட்பாள்.

அடுத்த முறை அதே லாரியில் ஜாரெட் என்ற வேறு டிரைவர் வந்தான். சிரித்த முகம். இறங்கியதும் பெப்பரின் தாடையைச் சொறிந்துவிட்டு, தான் தின்றுகொண்டிருந்த, கறி அடைத்த ‘மீட் பை’ பலகாரத்தில் பாதியைப் பிய்த்துப் போட்டான்.

‘மனுஷன்னா இப்படி இருக்கணும்’ என்று மார்லீன் நினைத்துக்கொண்டாள். ஆடுகளை ஏற்றி முடித்ததும் உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தாள். இருவரும் பேசிச் சிரித்துவிட்டு வெளியே வந்தபோது, பெப்பர் லாரிக்கு அடியில் தேங்கியிருந்த எதையோ நக்கிக்கொண்டிருந்தது.

“ரேடியேட்டர் தண்ணி. கொஞ்சம் கசியும். பாவம், தாகம் போல” என்றான் ஜாரெட். கையாட்டிவிட்டுப் போய்விட்டான்.

மதியத்துக்குள் பெப்பர் நாலு தடவை வாந்தி எடுத்தது. எழுந்து நின்றால் பின்னங்கால்கள் பின்னிக்கொண்டன. விசிலடித்தாள். கண்ணை மட்டும் திறந்து பார்த்தது.

மார்லீன் அதை வண்டியின் முன்சீட்டில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஊருக்குப் பறந்தாள்.

“என்ன சாப்பிட்டுச்சு?” கால்நடை மருத்துவர் ஃபியோனா கேட்டுக்கொண்டே பரிசோதித்தார்.

“லாரில இருந்து ஒழுகின ரேடியேட்டர் தண்ணி.”

ஃபியோனாவின் முகம் மாறியது. “அது வெறும் தண்ணி இல்லைங்க, என்ஜின் சூட்டைத் தணிக்க ஊத்துற கூலன்ட். இனிப்பா இருக்கும், நாய் விடாது. வழக்கமா ஊத்துற ரகமா இருந்தா, கிட்னி போய் உயிரே போயிடும். அந்த லாரில என்ன கூலன்ட்னு உடனே கேளுங்க. அதைப் பொறுத்துத்தான் மருந்து.”

மார்லீன் போனை எடுத்தாள். இரண்டு தடவை தப்பான எண்ணை அழுத்திவிட்டு, ஒருவழியாக நெவிலைப் பிடித்தாள்.

விஷயத்தைக் கேட்டதும் நெவில் பதறினார். “ஒழுகுற பம்பை மாத்தணும் மார்லீன், சாமான் இன்னும் வரலை… இரு, இரு. அந்த லாரிலயா நக்கிச்சு? அதுல இப்போ இருக்கிறது வழக்கமான ரகம் இல்லை. விஷம் குறைஞ்ச ரகம்.”

ஃபியோனா போனை வாங்கி, கூலன்டின் பெயரைக் கேட்டார். ஏதோ ரசாயனப் பெயர் சொல்லி அதுவா என்று இன்னொரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு.

“பிழைச்சுக்கும். ஒரு நாள் தள்ளாடும், அவ்வளவுதான். குளுக்கோஸ் ஏத்துறேன். நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போங்க.”

மார்லீன் பெப்பரின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் போன் இன்னும் கட்டாகவில்லை என்பது ஞாபகம் வந்தது.

“நெவில்… நீ நல்லா இருப்பே. என் பெப்பரைக் காப்பாத்திட்டே.”

“ஐயோ, எனக்கு எதுக்கு நன்றி? கூலன்டை மாத்த வேண்டாம்னுதானே நான் சொன்னேன்!” என்றார் நெவில். “அந்த டீசல் என்ஜினுக்கும் ஒத்துக்கணும், நாய் நக்கினாலும் சாகக் கூடாது. ரெண்டுக்கும் பொருந்துற கூலன்ட் லேசுல கிடைக்குமா? க்ளைவ்தான் கடை கடையா போன் போட்டான். என்ஜின் கம்பெனிக்காரங்ககிட்டயும் கேட்டுட்டு வரவழைச்சான். லீவு நாள்ல வந்து, பழசை ஒரு சொட்டு விடாம வடிச்சு, கழுவி, அவனே ஊத்தினான்.”

மார்லீன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். “எப்போ?”

“நீ போன்ல சத்தம் போட்டியே, அதுக்கு அப்புறம்தான். ‘நீதான் இனிமே அங்க போகப் போறதில்லையே, உனக்கு எதுக்குய்யா இந்த வேலை?’ன்னு கேட்டேன்.”

“என்ன சொன்னார்?”

“‘அதனாலதான் மாத்துறேன். இனிமே அந்த நாயை விரட்ட அங்க ஆள் இருக்காதே’ன்னான்.”